555 ஏடும் 709ஆம் சட்டமும்



தோட்டக் காலத்து மளிகைக் கடைகளில் 555 எனும் சிறு குறிப்பேட்டைக் காணலாம். பெயர், பொருள், கடன்தொகை, அவ்வளவே அதிலிருக்கும். இன்று சுங்கை லாலாங்கிலும் பீடோங்கிலும் உள்ள சிறு கடைக்காரரின் கைப்பேசியில் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படமே இருக்கக்கூடும். அவ்வட்டையின் பன்னிரண்டு இலக்கங்களைப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த நாள்; அடுத்த இரண்டு பிறந்த இடம், 02 என்றால் கெடா; இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். அரிசி வாங்க வந்தவரிடம் இத்தனையும் எதற்கு?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 709ஆம் சட்டம், 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. பெயர்வாரியாக அடுக்கிய தாளேடும் அதற்குள் அடங்கும். அரசாங்கத்தை அது கட்டுப்படுத்தாது. அது தனியே பேச வேண்டிய செய்தி.

2024இல் திருத்தப்பட்ட இச்சட்டம் 2025இல் ஜனவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று கட்டங்களில் நடப்புக்கு வந்தது. 'தரவுப் பயனர்' என்றிருந்த வணிகர் இப்போது 'தரவுக் கட்டுப்பாட்டாளர்'. சொல் மாறியதைச் சிறிதென்று எண்ணவேண்டா: பயனருக்குப் பயன் உண்டு, கட்டுப்பாட்டாளருக்குப் பொறுப்பு உண்டு. பணியாளர் வருகையைப் பதியும் விரல்ரேகையும் சமயம், உடல்நலம் போன்ற நுண்ணிய தரவுகளோடு சேர்ந்துவிட்டது. கோட்பாடுகளை மீறினால் விதிக்கப்படும் உச்சத் தண்டம் 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சமாகவும், சிறைத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தன.

20,000 பேருக்கு மேற்பட்டோரின் தரவைக் கையாள்வோர் முதலானோரே தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பதால், சிறுவணிகர் பெரும்பாலும் அதற்குள் வாரார். ஆனால், கைப்பேசி தொலைந்து அட்டைப் படங்கள் பிறர் கைக்குப் போய், அதனால் பெருந்தீங்கு நேரக்கூடுமாயின், 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கும், அதன்பின் 7 நாளுக்குள் உரியவர்க்கும் அறிவிக்க வேண்டும். ஆகவே, முதல் ஆயத்தம் குறைத்தலே. தேவையற்ற படங்களை அழியுங்கள். கடனடைத்தவரின் பக்கத்தைக் கிழியுங்கள். வாடிக்கையாளரைக் கேளாமல் புலனக் குழுவில் சேர்க்காதீர்கள். டியூஷன் மையம் நடத்துவோர் 18 வயது நிரம்பாத மாணவருக்குப் பெற்றோரின் ஒப்புதலைப் பெறுக.

மொழி மன்றத்தில் நின்று இதனைப் பேசக் காரணம் ஒன்றுண்டு. வாடிக்கையாளருக்குத் தரும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் வேண்டுமென்று சொல்லவில்லை; கூடாதென்றும் சொல்லவில்லை. தமிழ் மட்டுமே வாசிக்கும் பாட்டி, தமக்கு விளங்காத தாளில் கையொப்பமிட்டால் அதனை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியர்களே, இதனை வகுப்புப் பயிற்சியாக்குங்கள். மாணவர் தம் ஊர்க் கடை ஒன்றுக்கு மூன்றாவது அறிவிப்பைத் தமிழில் எழுதட்டும். பத்து வரி போதும்: என்ன வாங்குகிறோம், எதற்காக, யாரிடம் கொடுப்போம், எப்போது அழிப்போம், திருத்த வேண்டுமெனில் யாரைக் கேட்பது.