ஒன்றாகப் படித்தால் ஒன்றாகக் காப்பார்கள்



என் தந்தையார் பால்மரம் சீவியவர், இனிப்புநீர்க்காரர். காலில் புண் வந்தபோது டாக்டர் மாத்திரை எழுதினார். மிஸ்ஸி கட்டுப் போட்டார். மருந்து கொடுப்பவர் பொட்டலத்தை நீட்டினார். "எந்தச் செருப்பு போட்டுக்கிட்டு வேலைக்குப் போறீங்க?" என்று ஒருவருமே கேட்கவில்லை. அடுத்தவர் கேட்டிருப்பார் என்ற நினைப்பு. முடிவில் இரண்டு விரல்கள் போயின.

1978இல் அல்மா அத்தா மாநாடு, ஆரம்பச் சுகாதாரப் பணி பல துறையினரும் குழுவாகச் செய்ய வேண்டியது என்றது. 1986இல் சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம், மருத்துவ மாணவர்களையும் தாதியர் மாணவர்களையும் தொடக்கத்திலேயே ஒரே வகுப்பில் உட்கார வைத்தது. சேர்ந்து வேலை செய்யச் சேர்ந்தே கற்க வேண்டும் என்று 1988இல் உலகச் சுகாதார நிறுவனமும் அறிக்கை வெளியிட்டது. ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்த்துப் பழகியவர்கள், நாளை ஒருவரையொருவர் கேட்கக் கூச்சப்பட மாட்டார்கள்.

பெற்றோர்களே, கிளினிக்கில் வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாணவர்களே, உங்களில் டாக்டரும் உண்டு, தாதியும் உண்டு. இன்று ஒரே பெஞ்சில் இருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.