தரகுத் தொழிலுக்கும் பரீட்சை! தயாரா நீங்கள்?

(மும்பை தாராவியில் நடைபெற்ற தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தினர். தோல் தொழிலுக்கு வந்தோம். பிறகு கடை வைத்தோம். கடைக்கு வருகிறவர் "பாய், ஒரு ரூம் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்க, பார்த்துக் கொடுத்தோம். அப்படியே புரோக்கர் ஆனோம். யாரும் நம்மிடம் சர்டிபிகேட் கேட்கவில்லை. வாய் வார்த்தையும் வெற்றிலைப் பெட்டியும்தான் ஆபீஸ்.

அந்தக் காலம் முடிந்து விட்டது. ரியல் எஸ்டேட் சட்டம் 2016-ல் வந்தது. ஏஜெண்ட் பதிவு உள்ளிட்ட முக்கியப் பிரிவுகள் 2017 மே முதல் நடைமுறைக்கு வந்தன. பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் பதிவில்லாத ஏஜெண்ட் ஒரு பிளாட்டைக்கூட விற்றுக் கொடுக்கக் கூடாது என்பது அதன் 9-வது பிரிவு. மீறினால் 62-வது பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஏறும். நாம் வாங்கும் தரகே 1 சதவீதம், 2 சதவீதம்தான். கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

மஹாராஷ்டிராவில் மஹாரெரா அமைப்பு இன்னொரு படி மேலே போனது. 2023 ஜனவரி 10-ல் போட்ட உத்தரவின்படி ஏஜெண்டுகள் 20 மணி நேரப் பயிற்சி பெற்று, ஆன்லைன் பரீட்சை எழுதித் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2024 பிறந்ததிலிருந்து பழைய ஏஜெண்டுகளுக்கும் இது கட்டாயம். சான்றிதழ் வாங்காத ஏறத்தாழ 20,000 பேரின் பதிவை 2024-ல் நிறுத்தி வைத்தார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. "முப்பது வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன், எனக்கா பரீட்சை?" என்று கேட்டுக் கொண்டே வீட்டில் இருந்தவர்கள் அவர்கள்.

கோபப்படாதீர்கள் பெரியவர்களே. பேப்பரில் எழுதி வைத்து வியாபாரம் செய்வது நமக்கு அந்நியமா? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். அதை ஓதுகிற நாம்தான் துண்டுச் சீட்டில் டோக்கன் பணம் வாங்குகிறோம்!

இனி பரீட்சை நாளைப் பற்றிச் சொல்கிறேன். படிப்பு வராமல் வீட்டுக்குத் திரும்பியவர்களை விட, பெயர் பொருந்தாமல் வாசலோடு திரும்பியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் இரண்டு மாதம் இரவில் கடை அடைத்த பிறகு படித்தார். ஹால் டிக்கெட்டில் அவர் பெயர் ஒரு விதம், கையில் கொண்டு போன அடையாள அட்டையில் இன்னொரு விதம். முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! போதாக்குறைக்கு நமக்கு இனிஷியல் பழக்கம். இந்த ஊரிலோ முதலில் தன் பெயர், நடுவில் தகப்பனார் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் பையன் இனிஷியலை விரித்துத் தகப்பனார் பெயரைக் கடைசியில் போட்டு விட்டான். வாசலில் நின்ற அதிகாரி, "இது வேறு ஆள்" என்று சொல்லி விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆள் மாறாட்டத்தைத் தடுப்பதுதான் அவர் வேலை.

ஆகவே விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஆதாரையும் பான் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் முதலில் அட்டையைத் திருத்துங்கள், பிறகு விண்ணப்பம். ஹால் டிக்கெட் வந்ததும் பெயர், போட்டோ, தேதி, மையத்தின் முகவரி நான்கையும் சரி பாருங்கள். அதோடு வரும் விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். அசல் அடையாள அட்டை வேண்டும்; போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். போனே உள்ளே போகாது!

மையம் எங்கோ தூரத்தில் விழலாம். முந்தின நாளே ஒரு தடவை போய்ப் பார்த்து வாருங்கள். மும்பை மழையையும் லோக்கல் ரயிலையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்வு லுஹர் நேரத்தில் வந்தால் பதற வேண்டாம், முடித்து வந்து தொழ அவகாசம் இருக்கிறது. நோன்பு மாதமாக இருந்தால் சஹருக்கு எழுந்த பிறகு தூங்கி விடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அந்தத் தூக்கம் பொல்லாதது.

பரீட்சை கம்ப்யூட்டரில். மவுஸ் பிடித்துப் பழகாத கை நடுங்கும். அதனால் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வாரம் பழகுங்கள். இதில் வெட்கம் எதற்கு? கேள்விகள் தமிழில் வராது. பேச்சு மராத்தியும் பேச்சு ஹிந்தியும் கை கொடுக்காது. கார்பெட் ஏரியா, அலாட்மெண்ட் லெட்டர், அக்ரிமெண்ட் ஃபார் சேல், அக்குபன்சி சர்டிபிகேட் போன்ற சொற்களைத் திரையில் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அனுபவசாலிகள் தவறு செய்கிற இடம் ஒன்று உண்டு. கேள்விக்கு, பஜாரில் நடப்பதைப் பதிலாகக் குறித்து விடுகிறார்கள். "ஒப்பந்தம் பதிவு செய்வதற்கு முன் பில்டர் எவ்வளவு முன்பணம் வாங்கலாம்?" பஜாரில் 20 சதவீதமும் வாங்குவான், 30 சதவீதமும் வாங்குவான். சட்டத்தின் 13-வது பிரிவு சொல்வது 10 சதவீதம்தான். "விலை எந்தப் பரப்பளவுக்கு?" நம் வாயில் வருவது சூப்பர் பில்ட்-அப். சட்டம் கேட்பது கார்பெட் ஏரியா. வெளிச் சுவர் அதில் சேராது, அந்த வீட்டுக்கே உரிய பால்கனி சேராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் சேரும். இந்த ஒரு வரியில் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள், எத்தனை பேரை நாமே தெரியாமல் ஏமாற்றியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

வாங்குபவரிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே அதை எடுக்கலாம். கட்டிடத்தின் அமைப்பில் குறை தெரிந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டு வரை பில்டர் பொறுப்பு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்கும், 8 வீட்டுக்கு மேற்படாத திட்டத்துக்கும் பதிவு தேவையில்லை. ஏஜெண்ட் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்து விற்பனையில் வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பெட்டிக்கு மேல் ஒட்டி வையுங்கள். வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் அதைப் பார்த்தே பதில் சொல்லுங்கள். பத்து நாளில் மனப்பாடம் ஆகி விடும், தொழிலும் சுத்தமாகும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நகரத்தில் முஸ்லிம் பெயரைக் கேட்டதும் "வீடு காலி இல்லை" என்கிறார்கள். மேடை போட்டுக் கண்டித்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். ஆனால் கல்யாணமான ஒரு தம்பி சாவி கேட்டு வருகிறபோது கண்டனத் தீர்மானத்தையா கையில் கொடுப்பது? பதிவு எண்ணோடு நிற்கும் ஓர் ஏஜெண்ட் அவனுக்கு வேண்டும். அந்த ஏஜெண்ட் பில்டரிடம் ஆவணத்தைக் கேட்க முடியும். மோசடி என்றால் மஹாரெராவில் எப்படிப் புகார் கொடுப்பது என்று வழி காட்டவும் முடியும். பதிவில்லாத தரகர் தானே ஒளிந்து திரிகிறவர், அவரால் என்ன கேட்க முடியும்?

தாராவி மறுசீரமைப்பு என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்து ஒவ்வொரு சந்திலும் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறவர்கள் நடமாடுகிறார்கள். எது அலாட்மெண்ட், எது வெறும் தாள் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பேராவது வேண்டாமா?

முதல் தடவை தவறினால் முகம் வாட வேண்டாம், மறுபடியும் எழுதலாம். தேறியவர்கள் சான்றிதழை வீட்டில் மாட்டி வைத்து விட்டுச் சும்மா இருந்து விடாதீர்கள். மஹாரெரா இணையதளத்தில் உங்கள் பதிவுக் கணக்கில் அதை ஏற்றினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். இதை மறந்து திண்டாடியவர்களும் உண்டு.

மஃரிபுக்குப் பிறகு நம் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். பயிற்சிக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள் ஆதார், பான் கார்டு இரண்டையும் கொண்டு வாருங்கள். எழுத்துப் பொருத்தத்தை அங்கேயே பார்த்து விடலாம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.