மிதியும் பாதமும்



1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாறியபோது, விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; அதற்கு அடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இதனால் பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் வாழும் தமிழராகிய நாங்கள் வீடு பெயராமலே வேற்று மாநிலத்தவர் ஆனோம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் உங்களுக்குத் தமிழ்நாடு நெடுந்தூர இரயில் பயணம். எங்களுக்கோ சிறிது நேரம் சைக்கிள் மிதித்தால் களியக்காவிளை வந்துவிடும். மிதிப்பதை இங்கே ‘சவிட்டுதல்’ என்பார்கள். அந்தச் சவிட்டுதலைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

சைக்கிள் வாங்குவோர் சக்கரத்தைப் பார்ப்பார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள், நிறத்தையும் பார்ப்பார்கள். பெடலைப் பார்ப்பவர் அரியர். ஆயினும் மனிதனின் வலிமை முழுவதும் வண்டிக்குள் புகும் வாயில் அதுவே அன்றோ! அதன்மேல் பாதத்தை வெறுமனே வைப்பதா, கட்டி வைப்பதா என்பதே இப்போது இளைஞர்களிடையே எழுந்துள்ள வினா.

வகைகள் மூன்று. முதலாவது, நாம் அனைவரும் அறிந்த ரப்பர்க் கட்டைப் பெடல். செருப்போடும் ஏறலாம், வெறுங்காலோடும் ஏறலாம். ஆனால், மழையில் வழுக்கும். ஆனியில் ஒரு மழையும் ஐப்பசியில் மறு மழையும் பெறும் எங்கள் பகுதியில் இது சிறு குறையன்று. சிற்றாணிகள் பதித்த அகன்ற பெடல் இக்குறையை நீக்கும். ரப்பர் அடியுள்ள காலணியை அது நன்கு பற்றிக்கொள்ளும். கால் தவறினால் முழந்தாளுக்குக் கீழே கீறிவிடும் என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

இரண்டாவது, டோ கிளிப். பாதத்தின் முன்பகுதியைச் செருகும் கூடும், அதனை இறுக்கும் வாரும் கொண்டது. பந்தய வீரர்கள் நெடுங்காலம் இதனையே நம்பியிருந்தனர். வாரை இறுக்கிவிட்டால், கையால் குனிந்து தளர்த்திய பின்னரே காலைப் பின்னுக்கு இழுத்து எடுக்க முடியும். வாரில்லாத அரைக்கூடும் உண்டு; அது காலை இருத்தும், சிறைப்படுத்தாது.

மூன்றாவதன் பெயரே வேடிக்கையானது. ‘கிளிப்லெஸ்’, அதாவது கிளிப் இல்லாதது என்று பெயர். ஆனால் காலை மிக உறுதியாகப் பிடிப்பது அதுவே! காலணியின் அடியில் திருகப்பட்ட கிளீட் என்னும் துண்டு, பெடலிலுள்ள வில்லில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் விடும். பனிச்சறுக்குப் பிணைப்புகள் செய்துவந்த லுக் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 1984இல் இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டே பெர்னார் ஈனோ அதனைக் கொண்டு பிரான்ஸ் நாட்டுப் பெரும்பந்தயத்தில் வென்றார். 1990இல் ஜப்பானின் ஷிமானோ, கிளீட் காலணியின் குழிக்குள் அடங்கும் வகையைத் தந்தது. அதனை அணிந்து நடக்கவும் இயலும்.

காலைக் கட்டினால் மிதிக்கும்போது அழுத்துவதோடு, எழும்போது மேலே இழுக்கவும் செய்யலாம். ஆகவே வலிமை இரட்டிக்கும் என்பர் சிலர். சோதனைச்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டச் செய்து அளந்தவர்கள் அவ்வாறு காணவில்லை. வலிந்து மேலிழுத்தவர் அதிகச் சக்தியைச் செலவழித்தனர், அவ்வளவே. கட்டின் உண்மைப் பயன் வேறு: விரைந்து மிதிக்கையிலும் குண்டு குழியில் குலுங்குகையிலும் பாதம் இடம் பெயராது. பந்தயத்திற்கு அது பெரிது. சந்தைக்குப் போகிறவருக்கு?

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லுவோம். ஒரு ஞாயிறு காலை பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மேடும் பள்ளமுமான வழி. எங்களுள் ஒருவர் அன்றுதான் புதிய கிளிப்லெஸ் பெடல் பூட்டியிருந்தார். முன்னே சென்ற பேருந்து நிறுத்தத்தில் நின்றது. பிரேக் பிடித்தார், வண்டி நின்றது, கால் வரவில்லை. வேகமே இல்லாத நிலையில், வெட்டிய வாழைபோல் வலப்புறம் சாய்ந்தார். பின்னே வந்த லாரி சில முழத் தொலைவில் நின்றது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அன்று எங்கள் பேச்செல்லாம் அடங்கிவிட்டது.

அதிலிருந்து கற்றவை சில. நம் நாட்டில் இடப்புறம் செல்கிறோம்; ஆதலின் நிற்பதற்குச் சிறிது முன்னரே இடக்காலை விடுவித்து, உடலை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். வலப்புறம் விழுவது வாகனங்களின் முன் விழுவதாகும். புதியவர் வில்லை மிகத் தளர்வாக வைத்து, சுவரைப் பிடித்தபடி மாட்டவும் விடுவிக்கவும் பலமுறை பழகிய பின்னரே சாலைக்கு வரலாம். கிளீட், பெருவிரல் மூட்டின் கீழோ சற்றுப் பின்னோ அமைய வேண்டும். பாதம் இயல்பாக நோக்கும் திசையை அது மாற்றலாகாது. முழங்கால் வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், கிளீட்டைத் திருத்துங்கள். பெடலை நீங்களே மாற்றுவதானால், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்மரை என்பதை மறவாதீர்கள். வழக்கம்போல் திருகினால் கழலாது, இறுகும்.

ஆகவே, எதைத் தேர்வது? அடிக்கடி நின்று செல்லும் நகரத்துச் சாலையில் அலுவலகம் செல்வோருக்கும், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும், சுமை ஏற்றுவோருக்கும் அகன்ற பெடலே போதும். நாள் முழுதும் நெடுவழி செல்வோர், ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் கிளீட் மாட்டும்படியும் உள்ள பெடலைக் கொள்ளலாம். ஊருக்குள் தட்டைப்புறம், வெளிவழியில் மறுபுறம். பந்தயத்தில் இறங்குவோர் மட்டும் முழுக்கட்டை நாடட்டும்.

வீரர் அணிவதை நாமும் அணிந்தால் வீரராகிவிடுவோம் என்னும் மயக்கம் வேண்டா. எவ்வளவு விரைவில் மிதிக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் காலை மதிப்பிடலாகாது. வேண்டிய கணத்தில் தரையைத் தொடுகிறதா என்பதே முதற்கேள்வி. கடைக்குச் செல்லும்போது அக்கேள்வியை உடன்கொண்டு செல்லுங்கள்.