பட்டறை முந்தியா, விலை முந்தியா?

(வளரும் நாடுகளில் கார்த் தொழில் தழைக்கக் காரணம் மலிவு விலையே! உள்ளூர்ப் பட்டறையே! என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், 'உள்ளூர்ப் பட்டறையே' என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால பேசின அம்மையார் ஸ்கூட்டர் கதை சொன்னாங்க. கொட்டுற மழை. ஒரு ஸ்கூட்டர். அப்பா ஓட்டுகிறார், முன்னால ஒரு பிள்ளை நிற்குது, பின்னால அம்மா, மடியில கைக்குழந்தை. இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடா மனம் இளகினார், அதனால நானோ கார் பிறந்தது என்றார்கள். உண்மைதான். எனக்கும் தொண்டை அடைச்சிருச்சு. ஏன்னா அப்படி ஸ்கூட்டர்ல போன குடும்பம்தான் நாங்களும். என் மனைவி பின்னால குடையை விரிச்சா, நான் திருப்புற பக்கம் வண்டி போகாது, காத்து இழுக்கிற பக்கம்தான் போகும்! (சிரிப்பு)

அந்தக் காரை 2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் நிறுத்தினார்கள். ஒரு லட்சம் ரூபாய்! உலகமே திரும்பிப் பார்த்தது. 2009இல் விற்பனைக்கு வந்தது. 2018இல் தயாரிப்பு நின்னு போச்சு. நான் கேட்கிறேன், மலிவு விலைதான் கார்த் தொழிலை வளர்க்கும்னா, உலகத்திலேயே விலை குறைஞ்ச காருக்கு ஏன் பத்து வருஷத்துக்கு மேல ஆயுசு இல்லாம போச்சு? 'ஏழைக்கான கார்'னு சொன்னீங்க. எந்த ஏழை ஐயா 'நான் ஏழை'ன்னு தெருவுல எழுதி ஒட்டிக்கிட்டுப் போவான்? கடன் வாங்கியாவது பெரிய காரா வாங்குவான். இது மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைக் கேட்டாலே தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்) ஆனா ஒண்ணு கவனிங்க. நானோ நின்னதும் அதைச் செய்த குஜராத் சானந்து ஆலை நிற்கலை. அதே ஆலையில் டியாகோ ஓடுது. மலிவு விலை போச்சு, பட்டறை நின்னுச்சு.

இப்ப மாருதிக்கு வருகிறேன். 1983 டிசம்பர் 14ஆம் தேதி. முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் கையாலேயே கொடுத்தார். விலை சுமார் 50,000 ரூபாய். எதிரணித் தலைவர் 'பார்த்தீர்களா, மலிவு!' என்று மேஜையைத் தட்டினார். கொஞ்சம் பொறுங்க ஐயா. அந்த முதல் கார்களின் பாகமெல்லாம் ஜப்பானிலிருந்து பெட்டியில வந்தது. இங்கே பூட்டினோம், அவ்வளவுதான். அப்பளக் கட்டை மளிகைக் கடையில வாங்கிவந்து பொரிச்சுட்டு, 'நான்தான் அப்பளம் போட்டேன்'னு மாமியார்கிட்ட சொன்னா ஒத்துக்குவாங்களா? (சிரிப்பு)

அப்புறம் என்ன ஆச்சு? 1985இல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 240 யென். 1988இல் பாதிக்குப் பாதி, 120, 130 என்று வந்துவிட்டது. அதாவது ஜப்பான் சாமான் விலை டாலர்க் கணக்குல ரெண்டு மடங்கு. பாகமெல்லாம் அங்கிருந்தே வந்துகொண்டிருந்தால் அந்த மலிவு காரை யார் வாங்கியிருப்பார்? அதைத் தாங்கிப் பிடிச்சது எது? ஐந்து ஆண்டுக்குள் நூற்றுக்கு 95 பங்கு இங்கேயே செய்தாக வேண்டும் என்று முதலிலேயே போட்டுவைத்த திட்டம். ஸ்டியரிங் செய்ய ஒருத்தர், கண்ணாடிக்கு ஒருத்தர், சீட்டுக்கு ஒருத்தர் என்று ஆள் பிடித்தார்கள். மாருதியே சில கம்பெனிகளில் பங்குப் பணம் போட்டது, ஜப்பான்காரனைக் கூட்டிவந்து தொழில்நுட்பம் வாங்கிக் கொடுத்தது. அந்தத் தொடக்க காலத்தில் முன்னால நின்னவர் வி. கிருஷ்ணமூர்த்தி. தஞ்சை மாவட்டத்துக் கருவேலி கிராமத்துக்காரர், திருச்சி பெல் ஆலையை வளர்த்தெடுத்தவர். (கைதட்டல்)

எதிரணியில ஒருத்தர் கேட்டார், 'அம்பாசிடர் முழுக்க உள்ளூர்ச் சரக்குதானே, அது ஏன் உருப்படலை?' நல்ல கேள்வி, நான் மழுப்ப மாட்டேன். உத்தரபாராவில் 1957இல் தொடங்கி 2014 வரைக்கும் அது வந்தது. பாகமெல்லாம் நம்ம ஊர்தான். கதவைச் சாத்தினா தெருவே எழுந்திரிக்கும். ஆனாலும் வாங்க ஆள் பணத்தைக் கட்டிட்டு வருஷக் கணக்கா வரிசையில நின்னான். எதைக் கொடுத்தாலும் வாங்கறவன் இருக்கும்போது எவன் ஐயா ஒழுங்காச் செய்வான்? பட்டறை இருந்தா மட்டும் போதாது, 'இது சரியில்லை, எடுத்துட்டுப் போ'ன்னு சொல்ல ஒருத்தன் வேணும்.

இதை நான் புத்தகத்துல படிக்கலை. என் தங்கை வீட்டுக்காரருக்கு அம்பத்தூர்ல லேத் பட்டறை. நாலு மிஷின். லாரிக்காரங்களுக்கு உதிரி செய்துகொண்டிருந்தார். தொண்ணூறுகளில் ஒரு கார் கம்பெனி ஆர்டர் வந்தது, சின்ன புஷ், விரல் நுனி அளவு. இரண்டாயிரம் செய்து அனுப்பினார். இரண்டாயிரமும் திரும்பி வந்தது. தலைமுடியை நாலாப் பிளந்தா ஒரு பங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். 'மச்சான், லாரிக்காரன் இதை வாங்கிக் கும்பிட்டுட்டுப் போவான், இவங்க முடியளவுக்கு மல்லுக்கட்டறாங்களே'ன்னு என்கிட்ட வந்து அழுதார். இரண்டாவது முறையும் திரும்பி வந்தது. அளக்கிற கருவி சரியில்லைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. நல்ல கருவி வாங்கப் பணமில்லை. என் தங்கை கழுத்துல கிடந்த சங்கிலி போச்சு. அம்மாவுக்கு அதை நான் ஆறு மாசம் சொல்லலை. மூன்றாவது முறை அனுப்பினது திரும்பி வரலை. (கைதட்டல்) அந்தச் சங்கிலிக்கு எந்தக் கார் விலையிலயாவது கணக்கு உண்டா?

மலேசியாவைச் சொன்னார்கள். 1985இல் மகாதீர் காலத்தில் புரோட்டான் சாகா வந்தது. பாராட்டுகிறேன். வெளிநாட்டுக் காருக்கு வரிச் சுவர் எழுப்பி, உள்ளே மலிவாக விற்றார்கள். 2017இல் நூற்றுக்கு 49.9 பங்கைச் சீனத்து ஜீலி வாங்கிவிட்டது. கொரியாக்காரனைப் பாருங்க. 1968இல் உல்சானில் ஃபோர்டு காரைப் பூட்டிக்கொண்டிருந்தவன் ஹூண்டாய். 1975இல் மிட்சுபிஷி எஞ்சினை வைத்து 'போனி'ன்னு சொந்தக் கார் போட்டான். பாகங்களை உள்நாட்டிலேயே செய்யச் சொல்லி அரசாங்கம் பின்னால நின்னு விரட்டுச்சு. சொந்த எஞ்சின் செய்ய 1991 வரைக்கும் ஆச்சு. அவசரப்படலை. 1998இல் அதே ஹூண்டாய் நம்ம இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியே விட்டது.

இங்கே ஏன் வந்தான்? துறைமுகம் பக்கம், சரி. அதோட பாடி பக்கம்! காருக்கு பாடி இருக்கும், சென்னைக்கே ஒரு பாடி இருக்கு! (சிரிப்பு) அங்கே 1960களின் தொடக்கத்திலேயே வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியான்னு சக்கரத்துக்கு ஒண்ணு, மின்சாரப் பாகத்துக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணுன்னு கம்பெனிகள் வந்தாச்சு. அப்ப சான்ட்ரோ யார் கனவிலும் இல்லை. தொண்ணூறுகளில் சென்னை சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் செய்த ரேடியேட்டர் மூடி, அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் காருக்குக் கப்பலேறிப் போனது. மூடிதானேன்னு சிரிக்காதீங்க. மூடி சரியில்லைன்னா வண்டி நடுரோட்டுல ஆவி விடும்!

நடுவர் அவர்கள் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே நிமிஷம் ஐயா. திரும்பி வந்த அந்த புஷ்ஷில் ஒண்ணை என் மைத்துனர் இன்னும் மேஜை மேல காகிதம் பறக்காம வைத்திருக்கிறார். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால ஒருமுறை அம்பத்தூர் வந்து அதைக் கையில எடுத்துப் பாருங்க. பெட்ரோல் செலவை எங்கள் அணித் தலைவர் பார்த்துக்குவார்! (சிரிப்பு, கைதட்டல்)