டெல்பினியம் வளர்க்கும் முறையும் நான் மறைத்த விஷயமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



மைக் முன்னால் நின்று எனக்குப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து பேசுற மாதிரியே பேசுறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

"நீ பூ வளர்த்த கதையைச் சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. நான் வளர்ப்பது டெல்பினியம். முதலில் குழுவில் இந்தப் பேரைச் சொன்னப்போ, "பேரே வாயில நுழையல, இது எப்படி வீட்டுக்குச் சோறு போடும்?"னு ஒரு பாட்டி கேட்டாங்க. ஊட்டிப் பக்கம் இருக்கிறவங்க பார்த்திருப்பீங்க. ஒரு ஆள் இடுப்பு உயரம், சிலது தோள் உயரம் நிற்கும் கதிர். அதில் கீழிருந்து மேலே வரிசையாகப் பூ. நல்ல நீலம், ஊதா, வெள்ளை, ரோஸ் நிறங்களில் வரும். ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் சின்ன வால் மாதிரி நீண்டிருக்கும். மொட்டைப் பார்த்தால் டால்பின் மீன் மாதிரி இருக்கும். அந்த மீனுக்குக் கிரேக்க மொழியில் உள்ள பேரிலிருந்துதான் இந்தப் பூவுக்கும் பேர் வந்தது.

இது குளிர் ஊர்ப் பூ. சமவெளியில் இருந்து வந்திருக்கிற அக்காமார் இதைக் கேட்டுட்டு ஊருக்குப் போய் விதை வாங்கிடாதீங்க. வெயில் ஏறினால் செடி சோர்ந்து போயிடும். எங்கள் மலையில் வரும். ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் ஆரம்பித்தது. அங்கே மே மாதம் மலர் கண்காட்சி நடக்கும். அந்த சீசனுக்கு ஓட்டல்காரர்கள், பங்களா வைத்திருப்பவர்கள் எல்லோரும் தொட்டிச் செடி தேடுவார்கள். நான் அப்போது ஒரு நர்சரியில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாற்று எடுக்கிறது, கவரில் மண் நிரப்புறது எல்லாம் என் வேலை. "கூலிக்குச் செய்யறதை நம்ம வீட்டுப் பின்னாலயே செஞ்சா என்ன?"ன்னு தோணிச்சு. குழுவில் 12,000 ரூபாய் கடன் கேட்டேன். கொடுத்தாங்க.

அந்த நர்சரியில் வயசான தோட்டக்காரர் ஒருத்தர் இருந்தார். நான் வேலையை விட்டு வரும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "பாத்து வளரும்மா. இது பூராவும் விஷம். மாடு வாய் வெச்சிடாம பாத்துக்கோ." இதை நான் குழுவில் சொல்லவில்லை. விஷம்னு சொன்னா கடன் கொடுக்க மாட்டாங்களோன்னு பயம். அதை அப்படியே மனசுக்குள் போட்டு மூடிட்டேன். இது எங்கே போய் நின்றது என்று பின்னால் சொல்றேன்.

முதலில் விதை. அக்டோபரில் விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைப் பாக்கெட்டை வாங்கி வந்து ஒரு மாசம் அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்திருந்தேன். ஈரம் படாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தச் சூட்டிலேயே விதை செத்துப் போச்சு. மிச்சம் உயிர் இருந்ததையும் நானே கெடுத்தேன். சீக்கிரம் முளைக்கட்டும் என்று தட்டை பாலித்தீன் கூடாரத்தில் வெயிலில் வைத்தேன்.

திரும்ப அந்தத் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டுத்தான் சரியான முறை தெரிந்தது. அதை வரிசையாகச் சொல்றேன்.

விதை புதுசாக இருக்கணும். வாங்கின அன்றே மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வைக்கணும். எங்க வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தேன். விதைத்த பிறகு விதை மறைகிற அளவுக்கு மட்டும் மண் தூவணும். மேலே கறுப்பு ஷீட் போட்டு இருட்டாக்கி, குளிர்ச்சியான நிழலில் வைக்கணும். இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்படக் கூடாது. பாதிக்கு மேல் முளை தெரிந்தவுடன் ஷீட்டை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரணும். தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள். தட்டை ஒரு அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் மண் கீழிருந்து உறிஞ்சிக்கும். மேலே ஊற்றினால் நாற்றுக் கழுத்து அழுகிச் சாய்ந்துவிடும்.

கை விரித்த மாதிரி இலை இரண்டு மூன்று வந்ததும் கவருக்கு மாற்றலாம். எங்கள் பக்கம் மண் புளிப்பு மண். தேயிலைக்கு நல்லது, இதற்கு ஆகாது. தேயிலைத் தோட்டத்துக்கு டோலமைட் போடுறோமே, அதையே கொஞ்சம் கலந்து, மக்கின சாணி எரு, மணல் சேர்த்தேன். தண்ணீர் தேங்கவே கூடாது. செடியின் தூர் பகுதி மண்ணுக்கு மேல் மட்டத்திலேயே இருக்கணும். ஆழமாகப் புதைத்தால் தூர் அழுகிப் போகும். தரையில் நடுகிறவர்கள் ஒன்றரை அடி, இரண்டு அடி இடைவெளி விடுங்க. நெருக்கமாக வைத்தால் காற்றோட்டம் இல்லாமல் இலையில் சாம்பல் நோய் வரும். நாற்றுக்கு முதல் எதிரி ஓடு இல்லாத நத்தை. இரவில் டார்ச் அடித்துக் கையால் பொறுக்கணும். நானும் என் மகளும் பனியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பொறுக்கியிருக்கோம்.

செடி ஒரு அடி உயரம் வந்தவுடன் மூங்கில் குச்சி ஊன்றிடுங்க. பூ வந்தபிறகு கட்டிக்கலாம் என்று விடாதீர்கள். தண்டு உள்ளே வெறும் கூடு. ஒரு காற்று அடித்தால் முறிந்துவிடும். பழைய துணியைக் கிழித்து, எட்டு போட்ட மாதிரி தளர்வாகக் கட்டணும். பூவாக வெட்டி விற்கிறவர்கள், கதிரில் மூன்றில் ஒரு பங்கு விரிந்ததும் விடியற்காலையில் வெட்டி உடனே தண்ணீர் வாளியில் போடணும். பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்காதீங்க. பழத்திலிருந்து வரும் வாயு பட்டால் இதழ் கொட்டிவிடும்.

இரண்டாவது முறை நவம்பர் கடைசியில் விதைத்தேன். மே மாதம் பூத்தது. 140 தொட்டி விற்றேன், ஒரு தொட்டி 80 ரூபாய். விற்காத செடிகளை வீட்டுப் பின்னால் பாத்தியில் வைத்திருந்தேன். பூ முடிந்ததும் கதிரை வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடி துளிர்த்து இன்னொரு தடவை சின்னதாகப் பூக்கும். அதனால் வெட்டினேன். வெட்டின தண்டையும் இலையையும் வேலி ஓரமாகக் குவித்தேன்.

ஜூன் மாதம், மழை பிடித்த நேரம். எங்க குழுவில் ஒரு அக்கா, என் வீட்டுக்கு மேல் வீடு. அவங்களும் குழுக் கடனில்தான் ஒரு கறவை மாடு வாங்கியிருந்தாங்க. அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊற்றித்தான் தவணை கட்டுவாங்க. அன்றைக்குச் சாயங்காலம் அந்த மாடு வழியில் நடுங்கிக்கொண்டு நிற்குது. நாலு அடி வைத்தது. கால் பின்னிக் கீழே விழுந்துடுச்சு. கூட்டம் கூடிடுச்சு. ஒருத்தர் பாம்பு கடிச்சிருக்கும் என்கிறார். இன்னொருத்தர் கண்ணு பட்டுடுச்சு என்கிறார். எண்ணெய் புகட்ட மூங்கில் குழாய் தேடுறாங்க. எழுப்பி நடக்க வைக்கலாம்னு நாலு பேர் வாலைப் பிடிச்சு இழுக்கிறாங்க.

நான் மாட்டின் வாயைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு நீல இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்றேன் அக்கா. அந்த நேரத்தில்கூட சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். மாடு செத்தால் அந்தக் கடனும் என் தலையில் விழும், ஊரில் முகம் காட்ட முடியாது என்றுதான் முதலில் மனசு போனது. அந்த அக்கா மாட்டுத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரிடி தாயி, எந்திரிடி"ன்னு அழுதாங்க. அதுக்கப்புறம் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. "என் செடியைத் தின்னுருக்கு அக்கா. அது விஷம். எனக்கு முன்னாடியே தெரியும்"னு சொன்னேன்.

கால்நடை டாக்டருக்கு போன் போட்டோம். என்ன செடி என்று தெரிந்ததால் அவர் உடனே சொன்னார்: "இழுக்காதீங்க, நடக்க வைக்காதீங்க, வாயில எதையும் ஊத்தாதீங்க. பக்கவாட்டில் சாயாமல் நெஞ்சு தரையில் இருக்கிற மாதிரி முட்டுக் கொடுங்க. தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்." சாக்கில் வைக்கோல் அடைத்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தோம். இரவு அவர் வந்து ஊசி போட்டார். இந்தச் செடி மாட்டின் தசையைச் செயல்படாமல் ஆக்கிவிடும், அது மூச்சு விடும் தசைக்குப் போனால் உயிர் போய்விடும், பயமுறுத்தி ஓட்டினால் இன்னும் சீக்கிரம் போகும் என்று விளக்கினார். நானும் அந்த அக்காவும் மழையில் தார்ப்பாய் கட்டி அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவங்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விடியற்காலம் மாடு தானாக முன்னங்காலை மடக்கி எழுந்து நின்றது.

அடுத்த கூட்டத்தில் என்னை நிற்க வைத்துக் கேட்டாங்க. டாக்டர் செலவையும், சில நாள் பால் ஊற்றாத நஷ்டத்தையும் நான் கொடுப்பதாகச் சொன்னேன். கொடுத்தேன். முதல் வருஷம் எனக்கு லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை. சில பேர் "செடியைப் பிடுங்கிப் போடு"ன்னாங்க. அப்போது அந்த அக்காதான் எழுந்தாங்க. "பிடுங்க வேண்டாம். அவ பிழைப்பு அது. ஆனா ஒண்ணு கேக்கறேன். முன்னாடியே சொல்லியிருந்தா நானே வந்து உனக்கு வேலி கட்டிக் கொடுத்திருப்பேனே, ஏன் சொல்லல?"ன்னாங்க. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

அன்றைக்கே எங்கள் தீர்மான நோட்டில் எழுதினோம். புதுத் தொழிலுக்குக் கடன் கேட்கிறவர் அதில் வரும் வருமானத்தை மட்டும் இல்லாமல், அதில் உள்ள ஆபத்தையும் சொல்லணும். சொன்னதற்காக யாருக்கும் கடன் மறுக்கக் கூடாது, எல்லோரும் சேர்ந்து பாதுகாப்புக்கு வழி பார்க்கணும்.

இப்போது என் பாத்தியைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கிறது. குழுப் பெண்கள் ஆறு பேர் வந்து கட்டியது, அந்த அக்காவும் அதில் ஒருத்தர். வெட்டின தழையை மூடி போட்ட குழியில் போடுறேன். காய்ந்த தழையிலும் விஷம் இருக்கும், அதனால் வைக்கோலோடு கலந்துவிடக் கூடாது. இளந்தளிரிலும் விதையிலும் விஷம் அதிகம். விதையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்க. கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்க, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. அழகாக இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தலையில் வைத்துவிடாதீங்க. நான் விற்கும் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு அட்டை தொங்கும்: "பார்க்க மட்டும். மனிதரும் மாடும் வாயில் வைக்கக் கூடாது." அட்டையைப் பார்த்து வாங்காமல் போனவர்களும் உண்டு. போகட்டும்.

இந்த மூன்று வருஷத்தில் கடனை முழுசாக அடைத்துவிட்டேன். இந்தத் தடவை 260 தொட்டி போட்டிருக்கேன். நாற்றுக்கு நிழல்வலை வாங்க மறுபடி கடன் கேட்டிருக்கேன். மனுவில் முதல் வரியிலேயே, இந்தச் செடி விஷம் என்று எழுதியிருக்கேன்.

உங்களிலும் ஆடு, கோழி, காளான், சோப்பு என்று ஆளுக்கு ஒரு தொழில் செய்றீங்க. ஒவ்வொன்றிலும் வெளியே சொல்லாத ஒரு பயம் இருக்கும். அதைக் குழுவில் சொல்லிடுங்க. நம் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறவங்கதான் நமக்கு வேலி கட்ட வருவாங்க.

அந்த மாட்டுக்கார அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. மாடு நல்லா இருக்கு, போன மாசம் கன்று போட்டிருக்கு.