கம்பம் போனது, பெயரும் போக வேண்டுமா?



2008 ஜூலையில் நம் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. நாமும் மகிழ்ந்தோம். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும் அந்த எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டே, இதே தீவில், குளுகோர் பக்கம் இருந்த கம்போங் புவா பாலா இடித்துத் தள்ளப்பட்டது. பாரம்பரிய எல்லைக்கோடு அதுவரை நீளவில்லை.

புவா பாலா என்றால் ஜாதிக்காய். பிரவுன் குடும்பத்துத் தோட்டத்தில் உழைத்த தமிழர்களின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக அங்கே மாடும் ஆடும் வளர்த்து வாழ்ந்தார்கள். அதனால்தான் அமெரிக்க மாட்டுப் பண்ணைத் தொலைக்காட்சித் தொடரின் பெயரால் அதைத் 'தமிழ் ஹை சப்பரால்' என்றார்கள். நிலம் அரசு அதிகாரிகளின் கூட்டுறவுக் கழகத்துக்குப் போனது, பிறகு மேம்பாட்டாளர் வந்தார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று தோற்றது. மாற்று வீடு பற்றிப் பேச்சு நடந்தது, பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுக்கு வீட்டு வரிசையில் மாட்டுக் கொட்டகைக்கு இடம் ஏது?

தூரத்து வேல்ஸ் நாட்டில் ஒரு கதை உண்டு. கேப்பல் கெலின் என்ற கிராமத்தில் எல்லோரும் தம் தாய்மொழியான வேல்ஸ் மொழியே பேசினார்கள். லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1965-இல் அந்தக் கிராமத்தையே அணைநீரில் மூழ்கடித்தார்கள். வேல்ஸ் மக்கள் சும்மா இருக்கவில்லை. கடலோரச் சாலைச் சுவர் ஒன்றில் 'மறவாதே' என்று எழுதினார்கள். யாராவது அழித்தால் மறுபடியும் எழுதினார்கள். லிவர்பூல் மாநகராட்சி 2005-இல் மன்னிப்புக் கேட்டது. கிராமம் திரும்பி வரவில்லை. ஆனால் அது இருந்ததே இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

நம்மிடம் அப்படி ஒரு சுவர் இருக்கிறதா?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டியிடம் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கம்பம், யார் யார் அக்கம்பக்கம் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய புகைப்படம், வரி ரசீது, உரிமத் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் இருக்கும் நிலத்தின் கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே நில அலுவலகத்தில் பாருங்கள். இத்தனை வருடம் இங்கேதான் இருந்தோம் என்ற வாய்ச்சொல் நீதிமன்றத்தில் நிற்காது, தாள்தான் நிற்கும்.

புல்டோசர் வாசலுக்கு வந்த பிறகு தேடினால் எதுவும் கிடைக்காது. இன்றே தேடுவோம்.