பழைய ஏட்டில் புதிய டிசைன்



தாராவியில் எம்ப்ராய்டரி வேலை பலருக்குச் சோறு போடுகிறது. அதற்கு நல்ல டிசைன் வேண்டும். எங்கே போவது?

இன்று ஒருவர் வரைந்த படம் அவருக்குச் சொந்தம். அவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டம் இது. கேட்காமல் எடுத்தால் வழக்கு வரலாம்.

500 ஆண்டுக்கு முந்திய படம் அப்படி அல்ல. அது ஊர்க் கிணறு. எல்லோரும் இறைக்கலாம்.

கல்பசூத்திரம் என்பது சமணர் நூல். குஜராத்தில் 15ஆம் நூற்றாண்டில் அதைக் கையால் எழுதிப் படம் தீட்டினார்கள். படத்தில் இருப்பவர்களின் உடையைப் பாருங்கள். அன்னமும் பூவும் கட்டமும் இருக்கும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இதன் ஏடுகள் உள்ளன. 2017 முதல் அது பழைய படங்களை இலவசமாகத் தருகிறது. செல்போனில் பார்க்கலாம். "பப்ளிக் டொமைன்" என்று போட்டிருக்கிறதா? ஆங்கிலம் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்.

ட்ரேசிங் தாளில் வரையுங்கள். கோட்டின் மேல் ஊசியால் துளையிடுங்கள். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். டிசைன் துணியில் இறங்கும்.

தீர்த்தங்கரர் உருவத்தைத் தலையணை உறையில் போடாதீர்கள். கும்பிடுகிறவர் மனம் நோகும். அன்னமும் பூவும் போதும்.

கையில் டிசைனும் இருந்தால் கூலியைப் பேசி வாங்கலாம்.